தந்தி இழப்பதும் மரம் எடுப்பதும்

(பேஸ் கிட்டார் செய்யக் கொடுப்போருக்கும் செய்வோருக்கும் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேஸ் கிட்டாரைத் தமிழ்க் காதுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இளையராஜாவின் இசையில் சசிதரன் வாசித்ததையும், ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் பாட்டின் மெட்டுக்குச் சமமாக முணுமுணுக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த ரசனை முற்றினால், நமக்கென்று ஒரு பேஸைச் செய்யச் சொல்லலாமே என்று ஒரு நாள் ஆசை வரும். ஆசையின் பின்னாலேயே ஒரு கேள்வியும் வரும்: எந்த மரம்? கருவி செய்பவரிடம் போனால் ஒரு பட்டியலை நீட்டுவார். ஆஷ், ஆல்டர், மகோகனி, வால்நட், மேப்பிள், வெங்கே, புபிங்கா, கருங்காலி, ஈட்டி என்று அது நீளும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குணம் எழுதியிருக்கும். இது கணீரென்று கேட்கும், இது இதமாகக் கேட்கும், இது உறுமும்.

அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின் பேஸில் மரம் தந்திக்கு எதையும் கொடுப்பதில்லை. தந்தியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எதை எடுக்கிறது, எவ்வளவு எடுக்கிறது, கருவியின் எந்த இடத்தில் எடுக்கிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், பணத்தை எங்கே போடுவது, எங்கே போடாமல் இருப்பது என்பது தானாக விளங்கிவிடும்.

தந்தியின் கணக்கு

வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தியை மீட்டினால் அதிர்வு குதிரை வழியாகப் பலகையில் இறங்குகிறது. பலகையும் குடமும் காற்றை அசைக்கின்றன. அதுதான் நம் காதுக்கு வருகிறது. அங்கே மரமே ஒலிபெருக்கி. அதனால்தான் தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் பலாக்கட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்து எடுக்கிறார்கள்.

மின் பேஸில் கதை வேறு. தந்திக்குக் கீழே பிக்கப் இருக்கிறது. அதற்குள் ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அசையும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது, அது ஆம்பிளிஃபயருக்குப் போகிறது. மரம் பாடுகிறதா என்று பிக்கப் கேட்பதில்லை. தந்தி எப்படி அசைகிறது என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லை என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது அவசர முடிவு. தந்தி காற்றில் தொங்கவில்லையே. ஒரு முனையை பிரிட்ஜ் பிடித்திருக்கிறது. மறுமுனையை நட் அல்லது விரல் அழுத்திய ஃப்ரெட் பிடித்திருக்கிறது. மீட்டிய கணத்தில் தந்திக்குக் கிடைத்த ஆற்றல் ஒரு தொகை. அதற்குப் பிறகு வரவு கிடையாது, செலவு மட்டும்தான். இரண்டு முனைகளும் அசையாமல் நின்றால் தந்தி நெடுநேரம் ஒலிக்கும். எந்த முனை, எந்த அதிர்வெண்ணில் இசைந்து கொடுக்கிறதோ, அந்த அதிர்வெண் அந்த முனை வழியாக வடிந்துவிடும். வடிந்தது போக மிஞ்சியதைத்தான் பிக்கப் எடுத்துக்கொள்கிறது. "டோன்" என்று நாம் சொல்லும் விஷயத்தில் மரத்தின் பங்கு இவ்வளவுதான். ஆனால் இது சின்னப் பங்கு இல்லை.

ஃபுல்லர்டனில் தொடங்கிய பழக்கம்

ஆஷ், ஆல்டர், மேப்பிள் என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன? கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரிலிருந்து. அங்கே லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 34 அங்குலத் தந்தி நீளம், ஆஷ் மரப் பாடி, ஒரே துண்டு மேப்பிளில் நெக், இரண்டையும் சேர்க்க நான்கு திருகு. இன்றுவரை உலகம் பெரும்பாலும் அந்த அளவிலேயே நிற்கிறது.

லியோ ஃபெண்டர் கிட்டார் வாசிப்பவர் அல்லர். ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து வந்தவர். பட்டறைக்கு எது ஒத்துவருமோ அதுவே அவர் மரத் தேர்வை நடத்தியது. 1956 வாக்கில் சன்பர்ஸ்ட் வண்ணக் கருவிகளின் பாடி ஆல்டருக்கு மாறியது. ஆஷ் பெரிய துளைகள் கொண்ட மரம். பளபளப்பாக வண்ணம் பூசுமுன் அந்தத் துளைகளை அடைக்க வேண்டும். ஆல்டரில் அந்த வேலை மிச்சம், அதோடு அமெரிக்க மேற்குக் கரையில் தாராளமாகக் கிடைத்த மரம் அது. ஆஷின் வரிகள் தெரிய வேண்டிய வெளிர் நிறக் கருவிகளுக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. 1959இல் மேப்பிள் நெக்கின் மேல் ரோஸ்வுட் பிரெட்போர்டு ஏறியது. வாசிக்க வாசிக்க லாக்கர் தேய்ந்து, வெளிர் மேப்பிள் அழுக்கேறித் தெரிந்தது அதற்கு ஒரு காரணம்.

இந்த முடிவுகளில் காது பேசியதைவிடக் கணக்குப் புத்தகமும் பெயின்ட் அறையும் அதிகம் பேசின. ஆனால் அந்தக் கருவிகளில் மாபெரும் இசை பதிவானது. அந்த இசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஆல்டரின் ஒலியே "சரியான" ஒலியாகிவிட்டது. பட்டியலில் உள்ள குணங்களில் பாதி, மரத்தைப் பற்றியவையாக இருந்தாலும், மீதிப் பாதி நம் ஞாபகத்தைப் பற்றியவை.

மரத்தைக் காதுக்காகவே தேர்ந்தெடுக்கும் பழக்கம் அடுத்த தலைமுறையில்தான் வேரூன்றியது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிரேட்ஃபுல் டெட் குழுவைச் சுற்றி 1969இல் உருவான அலெம்பிக் பட்டறையில் ரான் விக்கர்ஷாம் மின்னணுப் பகுதியையும் ரிக் டர்னர் மரவேலையையும் கவனித்தார்கள். மேப்பிள், பர்ப்பிள்ஹார்ட் போன்ற மரங்களைப் பட்டை பட்டையாக ஒட்டி, தலையிலிருந்து பிரிட்ஜைத் தாண்டி அடிவரை ஓடும் ஒரே நெக் செய்தார்கள். ஜாக் கசாடிக்காக அவர்கள் செய்த கருவியும், பிறகு ஸ்டான்லி கிளார்க் கையில் ஒலித்த கருவிகளும், வாசிப்பவருக்கென்றே செய்த பேஸ் என்னும் எண்ணத்துக்கு அடித்தளம் போட்டன. நாட்டின் மறுகோடியில், புரூக்ளினில், கார்ல் தாம்சன் 1975இல் ஆந்தணி ஜாக்சனுக்கு ஆறு தந்தி பேஸ் செய்து கொடுத்தார். அதே புரூக்ளினில் 1983இல் ஃபொடேரா பட்டறை தொடங்கியது. இவர்கள் எல்லோரும் கவலைப்பட்ட இடம் ஒன்று. அது பாடி அன்று, நெக்.

நெக்: உண்மையான பேரம் நடக்கும் இடம்

ஏன் நெக்? கணக்கைப் பாருங்கள். சாதாரண மின் கிட்டாரின் தந்தி நீளம் சுமார் 25½ அங்குலம். பேஸுக்கு 34. ஒரு சட்டம் எவ்வளவு எளிதாக வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனம் அப்படியே இருந்தால், நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது வளைவு இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். அதன் மேல் நான்கு தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ விசையில் இழுக்கின்றன. ஐந்தாவது தந்தி வந்தால் நூறை நெருங்கும். தலைப்பகுதியில் நான்கு பெரிய டியூனிங் சாவிகளின் எடை வேறு. நீண்டு மெலிந்த கம்பின் நுனியில் ஒரு பாரம். இப்படி ஒரு பொருளைத் தட்டினால் ஆடத்தான் செய்யும்.

அந்த ஆட்டத்தை நீங்களே கேட்கலாம். ஃபெண்டர் வடிவத்தில் உள்ள ஏதாவது ஒரு பேஸை எடுத்து, ஜி தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒரே விசையில் மீட்டிக்கொண்டே ஏறுங்கள். ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும் ஏழாவதுக்கும் இடையில் எங்காவது ஒரு சுரம் பொசுக்கென்று அணையும். பக்கத்துச் சுரங்கள் நான்கைந்து நொடி நிற்கும். இது மட்டும் தொடங்கின வேகத்தில் அடங்கிவிடும். வாசிப்பவர்கள் இதை "டெட் ஸ்பாட்" என்கிறார்கள். ஐந்தாவது ஃப்ரெட்டில் வரும் சி சுரத்தின் அதிர்வெண் சுமார் 131 ஹெர்ட்ஸ். அந்த அக்கம்பக்கத்தில்தான் நெக்கின் இயல்பான அதிர்வெண்களில் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் பொருந்தும்போது நெக் ஆடத் தொடங்கி, தந்தியின் கையிருப்பைக் காலி செய்துவிடுகிறது. ஜெர்மனியின் ஆய்வாளர் ஹெல்முட் ஃபிளைஷர் 1990களில் நெக்கின் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அது எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்று அளந்து, இசைவு கூடிய இடங்களும் சுரம் அணையும் இடங்களும் பொருந்துவதைக் காட்டினார். பிரிட்ஜ் பக்கம் இசைவு மிகக் குறைவு என்பதும் அந்த அளவைகளில் தெரிந்தது.

சோதனையை இன்னும் ஒரு படி கொண்டு போகலாம். அதே சி சுரத்தை டி தந்தியின் பத்தாவது ஃப்ரெட்டில் வாசியுங்கள். பெரும்பாலும் நன்றாகவே நிற்கும். சுரம் அதேதான்; ஆனால் பத்தாவது ஃப்ரெட் பாடிக்கு அருகில் இருப்பதால் அங்கே நெக் அவ்வளவு ஆடுவதில்லை. இப்போது தலைப்பகுதியில் கனமான ஒரு கிளாம்பை மாட்டிவிட்டு ஜி தந்திக்குத் திரும்புங்கள். அணைந்த சுரம் உயிர்பெறும். கீழே உள்ள வேறொரு ஃப்ரெட் அணையும். நுனியில் பாரம் கூடியதும் நெக்கின் அதிர்வெண் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மரத் தேர்வு இங்கே நேரடியாகப் பேசுகிறது. விறைப்பு கூடிய மரம், குறிப்பாகத் தன் எடைக்கு விறைப்பு கூடியது, நெக்கின் அதிர்வெண்ணை மேலே தள்ளும். தந்தியிடமிருந்து குறைவாக எடுக்கும். கடின மேப்பிள் ஒரு கனமீட்டருக்கு சுமார் 700 கிலோ, நம்பகமான விறைப்பு. வெங்கே சுமார் 870 கிலோ, அதைவிட விறைப்பு. மரத்தின் பெயரைவிட அறுத்த விதம் முக்கியம். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த துண்டு பருவத்துக்குப் பருவம் முறுக்கிக்கொள்வது குறைவு. நார் ஓட்டம் பக்கவாட்டில் விலகி ஓடும் முதல்தர மேப்பிளைவிட, நேராக ஓடும் இரண்டாம்தர மேப்பிள் நல்ல நெக் ஆகும். மூன்று, ஐந்து, ஏழு பட்டைகளாக ஒட்டுவதன் பயனும் இதுதான்: ஒரு பட்டை ஒரு பக்கம் முறுக்கப் பார்த்தால் அடுத்தது தடுக்கும். பட்டைகளின் வண்ண வரிசை கண்ணுக்கு. ஒட்டிய நியாயம் காதுக்கு.

இதன் எல்லையைப் பார்க்க மரத்தையே விட்டவர்களிடம் போக வேண்டும். 1970களின் பிற்பாதியில் விண்வெளித் துறையிலிருந்து வந்த ஜெஃப் கூல்டு, அலெம்பிக்குடன் சேர்ந்து கார்பன் இழை நெக்கைக் கொண்டுவந்தார். 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலைப்பகுதியே இல்லாத, முழுக்கக் கார்பன் இழைக் கலவையால் ஆன எல்-2 பேஸை விற்பனைக்கு விட்டார். நெக் விறைப்பு, நுனியில் பாரம் இல்லை. சுரங்கள் எல்லா ஃப்ரெட்டிலும் சீராக நின்றன. அதைக் கேட்ட பலர் வியந்தார்கள். பலர் "குளிர்ந்து போன ஒலி" என்று திரும்பி வந்தார்கள். இதில் ஒரு பாடம் உண்டு. மரம் எடுத்துக்கொள்ளும் பங்கை முழுக்க நிறுத்திவிட்டால் ஒலி எல்லோருக்கும் பிடிப்பதில்லை. கொஞ்சம் சீரற்று எடுத்துக்கொள்வதையே நாம் ஒரு கருவியின் குணம் என்று விரும்புகிறோம்.

பிரெட்போர்டு: தொடுகிற இடத்தில்

அடுத்தது பிரெட்போர்டு. ஃப்ரெட் உள்ள பேஸில் தந்தி தொடுவது உலோகத்தை. மரம் ஃப்ரெட்டின் அடியில் இருக்கிறது. அது ஒரு சில மில்லிமீட்டர் கனப் பலகை. நெக்கின் மொத்த விறைப்பில் அதற்கும் பங்கு உண்டு. மெலிந்த நெக்கில் கருங்காலிப் பலகையை ஒட்டினால் நெக் இறுகும். ஆனால் ஈட்டிக்கும் மேப்பிளுக்கும் இடையில் காது பிரித்தறியும் வேறுபாடு, கடை விளம்பரம் சொல்லும் அளவுக்கு இராது.

ஃப்ரெட் இல்லாத பேஸில் நிலைமை தலைகீழ். தந்தி நேராக மரத்திலேயே உரசுகிறது. மரம் மென்மையாக இருந்தால் தந்தியின் உயர் அதிர்வெண்கள் விரலிலும் மரத்திலும் அடங்கும். கடினமாக இருந்தால் ஒலி நீண்டு, அந்த "ம்வா" என்ற இழுவை கிடைக்கும். கருங்காலிக்கு இங்கேதான் உண்மையான மதிப்பு. ஜேக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, ரோஸ்வுட் பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். முரட்டுச் சுற்றுத் தந்திகள் மரத்தைச் சுரண்டாமல் இருக்க அவருக்கு அது தேவைப்பட்டது. 1976இல் வெளிவந்த அவரது முதல் ஆல்பத்தில் நாம் வியக்கும் பாடும் ஒலியில், தந்தி தொட்டது ரோஸ்வுட்டை அன்று, இறுகிய பிளாஸ்டிக் படலத்தை. மரத்தின் பெயர் ஒன்று, தந்தி சந்திக்கும் பரப்பு வேறொன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பாடி: காதுக்கு முன் தோள்

பாடிக்கு வருவோம். அதிகம் பேசப்படுவது இதுதான், ஒலியில் குறைவாகப் பேசுவதும் இதுதான். பிரிட்ஜ் தடித்த கட்டையில் திருகப்பட்டிருப்பதால் அந்த முனை அதிகம் அசைவதில்லை. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. போலந்தின் கிராக்கூவ் நகரில் உள்ள ஏ.ஜி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், மற்ற பாகங்களை மாற்றாமல் மரத்தை மட்டும் மாற்றி மின் கிட்டார் ஒலியைச் சோதித்தார்கள். வேறுபாடு அளவிலும் தெரிந்தது, காதுக்கும் தெரிந்தது. சோதனைக்கூட அமைதியில் தெரிவது, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த மேடையில் எவ்வளவு எட்டும் என்பது தனிக் கேள்வி.

மரத்தின் பெயரில் வரவு வைக்கப்படும் பலவற்றுக்கு வேறு உரிமையாளர்கள் உண்டு. மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸ் புகழ்பெற்றது. ஆஷ் பாடி, மேப்பிள் பிரெட்போர்டு. அந்தப் பளிச்சென்ற ஸ்லாப் ஒலிக்கு இந்த இரண்டு மரங்களையே காரணமாகச் சொல்வார்கள். ஆனால் ஃபெண்டர் 1970களில் பின் பிக்கப்பை பிரிட்ஜ் பக்கமாக ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நகர்த்தியிருந்தது. பிரிட்ஜை நெருங்க நெருங்க அடிச்சுரம் மெலிந்து மேல்சுரங்கள் ஓங்கும். போதாததற்கு, நியூயார்க்கின் ரோஜர் சடோவ்ஸ்கி அந்தக் கருவியில் ஒரு பிரீஆம்பும் வைத்துக்கொடுத்தார். ஜெர்மனியின் வார்விக் நிறுவனத்தின் தம்ப் பேஸும் இப்படித்தான். புபிங்கா பாடி, வெங்கே நெக், அடித்தொண்டை உறுமல். அதன் இரண்டு பிக்கப்புகளும் பிரிட்ஜை ஒட்டி வைக்கப்பட்டிருப்பதை யாரும் பேசுவதில்லை.

பாடி மரம் உண்மையிலேயே முடிவு செய்வது எடையை. புபிங்கா கனமீட்டருக்கு சுமார் 890 கிலோ, ஆல்டர் சுமார் 450. ஒரே அளவில் வெட்டினால் ஒன்றின் எடை மற்றொன்றின் இரு மடங்கு. மூன்று மணி நேரக் கச்சேரியில் தோளும் இடுப்பும் அந்த வேறுபாட்டை வட்டியோடு சொல்லும். தோள் வலித்தால் இடக்கை நெக்கைத் தாங்கத் தொடங்கும், விரல் இறுகும், வாசிப்பு மாறும். மரத்தால் ஒலி மாறுகிறது என்று சொல்ல இதுவும் ஒரு நேர்மையான வழி. ஆனால் பாடியை மிக இலகுவாக்கினால் தலைப்பகுதி கீழே சாயும். அதனால் எடையைக் குறைக்கும்போது நெக்கோடு சேர்த்தே தராசு பார்க்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் கனத்தில் மேலே ஒட்டும் அழகு மேப்பிளுக்கோ வால்நட் முண்டுக்கோ கொடுக்கும் பணம் கண்ணுக்கான பணம். அதில் தப்பில்லை, காதின் கணக்கில் எழுதாதீர்கள்.

காடு சொல்லும் பதில்

எந்த மரம் என்ற கேள்விக்கு இன்று கருவி செய்பவர் மட்டும் பதில் சொல்வதில்லை. ஆசியாவிலிருந்து வந்த மரகத நிறச் சிறு வண்டு ஒன்று 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டது; அது அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்பு நிலங்களில் வளரும் இலகுவான ஆஷ், வெள்ளத்தாலும் கிடைக்கவில்லை. 2020இல் ஃபெண்டரே பெரும்பாலான கருவிகளில் ஆஷை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எழுபது ஆண்டுப் பழக்கம் ஒரு பூச்சியிடம் தோற்றது.

ஈட்டியின் கதை நம் வீட்டுக் கதை. பிரேசில் ரோஸ்வுட் அரிதானதும் உலகக் கிட்டார் தொழில் திரும்பியது மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியை நோக்கித்தான். பிரேசில் மரம் 1992இல், அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஏறி வணிகத்துக்கு மூடப்பட்டது. ஈட்டி உட்பட அந்தப் பேரினத்தின் மற்ற மரங்கள் யாவும் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்கத் தனிச் சட்டமே 1990களில் வந்தது. ஆகவே நல்ல ஈட்டித் துண்டைக் கேட்கிறவர் அதன் காகிதத்தையும் கேட்க வேண்டும்.

செய்யக் கொடுக்கும்போது

கடைசியாக நடைமுறை. நம் ஊரில் பேஸுக்கு மிகப் பெரிய எதிரி ஈரம். கடற்கரைக் காற்றில் வீட்டில் இருக்கும் கருவி, ஏசி ஸ்டூடியோவில் எட்டு மணி நேரம் காய்ந்து, இரவு மறுபடியும் ஈரத்துக்குத் திரும்புகிறது. நெக் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும். அதனால் முதல் கேள்வி நெக்கைப் பற்றியதாக இருக்கட்டும். மரம் எத்தனை நாள் பதப்பட்டது, வளையங்கள் எப்படி நிற்கின்றன, நார் நேராக ஓடுகிறதா, உள்ளே கார்பன் கம்பி வைப்பீர்களா என்று கேளுங்கள். ஆக்சிஜன் இல்லாத அடுப்பில் உயர் வெப்பத்தில் வறுத்த மேப்பிள் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. நம் தட்பவெப்பத்துக்குக் காசு கொடுக்கத் தகும். துண்டைத் தட்டிப் பார்க்க விட்டால், நுனியிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று உள்ளே தள்ளி இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து நடுவில் தட்டுங்கள். அந்த இடத்தில் பிடித்தால் துண்டின் அதிர்வு தடைபடாது. நன்றாக ஒலித்து நிற்கும் துண்டு, தந்தியிடமிருந்து குறைவாக எடுக்கும் துண்டு.

இரண்டாவது, பிக்கப் எங்கே உட்காரும் என்பது. மூன்றாவது, ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் பிரெட்போர்டின் கடினம். நான்காவது, பாடியின் எடை. கிலோவில் எழுதி வாங்குங்கள். மேலே ஒட்டும் அழகுப் பலகை ஐந்தாவது. இந்த வரிசையில் கேட்டால் கருவி செய்பவரும் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார். பெயர்ப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து துண்டுகளை எடுத்து மேசையில் அடுக்குவார். உங்கள் பேஸின் ஒலி முடிவாவது அந்த மேசையில்தான். ஆகவே காசைக் கொடுக்குமுன் அந்த மேசைக்கு ஒரு முறை போய் வாருங்கள்.